இரண்டாவது பிரேக்

பாக்கெட்டைத் துழாவாமல் எந்தப் பேன்ட்டையும் நான் வாஷிங் மெஷினில் போடுவதில்லை. வழக்கமாகப் பஸ் டிக்கெட் வரும், பேனா மூடி வரும், காய்ந்துபோன கர்சீப் வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரரின் பேன்ட்டிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வந்தது. நான்கு மாத்திரை கொண்ட அட்டை. இரண்டு இருந்தன, இரண்டைக் காணோம்.

நான் பதினாறு வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக நிற்கிறவள். அட்டையின் பளபளப்பைப் பார்த்தே இன்ன மாத்திரை என்று சொல்லிவிடுவேன். இது என்ன மாத்திரை என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. ஆண்கள் கடை வாசலில் நின்று, பெண் வாடிக்கையாளர்கள் போகும்வரை செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்கிற மாத்திரை.

தூக்கிவாரிப் போட்டது அதனால் அல்ல. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் சிவப்பு மையில் ஒரு வட்டம், உள்ளே ஒரு எண். காலாவதி நெருங்குகிற சரக்கில் மாதத்தை எழுதி வட்டம் போடுவது எங்கள் கடை வழக்கம். அதைச் செய்கிற ஆள் நான் ஒருத்திதான். என் கையெழுத்து, என் கடை மாத்திரை, என் புருஷனின் பாக்கெட்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குள் அந்தப் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது. முதலில் அவருக்கு முடியாமல் போனது. ஒன்றிரண்டு முறை முயன்றுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அதற்குள் குறட்டை வேறு ஆரம்பித்துவிட்டது. சாதாரணக் குறட்டையா அது? பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். மகளுக்குப் பரீட்சை, துணைக்குப் படுக்கிறேன் என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். பரீட்சை முடிந்தது, அவள் கல்லூரி ஹாஸ்டலுக்கே போய்விட்டாள். என் தலையணை மட்டும் திரும்பி வரவே இல்லை.

அப்படியென்றால் இந்த இரண்டு மாத்திரை எங்கே போனது? யாருக்காகப் போனது?

மறுநாள் புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. இருந்தும் கடைக்குப் போனேன். கடை முதலாளியை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் முன்னால் அட்டையை வைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, யார் வாங்கினாங்க?"

"ஏம்மா, உனக்குத் தெரியாததா. கடைக்கு வர்றவங்க விஷயத்த வெளிய சொல்லக்கூடாதுன்னு நீதானே எனக்கே பாடம் எடுப்ப."

"இந்த ஆளு கடைக்கு வர்றவரு இல்லண்ணே. என் வீட்டுக்காரரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர் சீட்டு கொண்டு வந்தாரும்மா. குடுத்தேன். அஞ்சு மாசமா மாசம் ஒரு அட்டை. நீ இல்லாத புதன்கிழமையா பாத்து வருவாரு. உங்களுக்குள்ள எல்லாம் நல்லபடியா இருக்குன்னு நெனச்சு நான் சந்தோஷந்தான் பட்டேன்."

ஐந்து அட்டை. இருபது மாத்திரை. கையில் இருக்கும் இரண்டு போகப் பதினெட்டு. பதினெட்டில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாறு வருஷமாக அந்த விளிம்பைத் துடைக்கிறேன், பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தேவை அன்றைக்குத்தான் வந்தது.

ஆள் யாரென்று கண்டுபிடிக்க எனக்கு நேரமாகவில்லை. என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பிரேக் மாஸ்டர் என்று சொன்னால்தான் எல்லாருக்கும் தெரியும். கற்றுக்கொடுக்கும் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர்கள் எங்காவது மோதப் போனால் அவர் அதை மிதித்து நிறுத்திவிடுவார். இருபது வருஷத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று அவருக்குப் பெருமை. அவரிடம் ஆறு மாதமாக ஒரு டீச்சர் படிக்கிறாள். இரண்டு தடவை லைசென்ஸ் டெஸ்ட்டில் தோற்றுவிட்டு இன்னும் வருகிறாள். சாப்பிடும்போதெல்லாம் அவள் பேச்சுதான். "நல்ல பொண்ணு, பொறுமை ஜாஸ்தி" என்பார். யாருக்குத்தான் ஆறு மாதம் ஆகும் கார் ஓட்ட? எருமை மாட்டை உட்கார வைத்தாலே மூன்று மாதத்தில் ரிவர்ஸ் எடுக்கும்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் நீளச் சாலைக்குப் போனேன். அவர் பாடம் எடுக்கும் இடம் அதுதான். லாரிகள் போன பிறகு அங்கே ஈ காக்கை இருக்காது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஒரு மரத்தடியில் கார் ஓரமாக நின்றிருந்தது. இன்ஜின் ஓடவில்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே இரண்டு தலை தெரிந்தது.

திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்று வருஷமாகப் பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கினாயே, இப்போது மட்டும் என்ன வந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் கால் தன்பாட்டுக்கு முன்னால் போனது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

டீச்சர் ஸ்டியரிங் மேல் ஒரு கட்டு விடைத்தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். கையில் பேனா. பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர், தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் என்னைப் பார்த்ததும் பதறவில்லை. உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதீங்க என்று ஜாடை காட்டிவிட்டு மெல்லக் கதவைத் திறந்து இறங்கினாள். காருக்குப் பின்னால் என்னை அழைத்துப் போனாள்.

"மாஸ்டரோட வீட்டுல இருந்தா? போன்ல உங்க போட்டோ காட்டியிருக்காரு. மெடிக்கல்ல இருக்கீங்கன்னு சொன்னாரு. நானே உங்கள வந்து பாக்கணும்னு இருந்தேன்க்கா."

"எதுக்கு?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கோவப்படாதீங்க. மாஸ்டர் கிளாஸ்ல தூங்கிடுறாரு. தினமும். வண்டி ஓடும்போதே தூங்கிடுறாரு. ஆரம்பத்துல எனக்குத் தெரியல. நேரா போய்க்கிட்டே இருப்பேன், திடீர்னு வண்டி டக்குனு நின்னுடும். நான்தான் கிளட்ச்ச தப்பா விட்டுட்டேன்னு நெனைப்பேன். ரெண்டு டெஸ்ட்லயும் அந்தப் பயத்துலயே போச்சு. அப்புறம் ஒருநாள் திரும்பிப் பாத்தேன். தூக்கத்துல அவர்தான் பிரேக்க மிதிக்கிறாரு."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தூக்கத்துல எதுக்கு மிதிக்கணும்?"

"மூச்சு நின்னுடுதுக்கா. குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு, சட்டுனு நின்னுடும். நெஞ்சு துடிக்கும், காத்து உள்ள போகாது. அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து மேல வர்ற மாதிரி ஒரு இழுப்பு. அப்ப உடம்பே தூக்கிப்போடும், கால் பிரேக்க மிதிக்கும். வெளிய சொன்னா வேலை போயிடுமேன்னு மரத்தடியில நிறுத்திட்டு அரை மணி நேரம் தூங்க விட்டுடுறேன். என் பேப்பரும் திருத்தியாகுது."

பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். கணக்கு டீச்சர் போலிருக்கிறது, எண்கள் வரிசையாக இருந்தன. இருபத்திரண்டு, முப்பத்தொன்று, பத்தொன்பது, முப்பத்தெட்டு. "இது செகண்ட்க்கா. மூச்சு இல்லாம இருந்த செகண்ட். முப்பத்தெட்டு அன்னிக்கு நான் அழுதுட்டேன். தோளப் பிடிச்சு உலுக்கினேன். மாஸ்டர் எந்திரிச்சு, 'ம், லெஃப்ட்ல திரும்பும்மா'ன்னாரு."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. இரண்டு நொடி எரிந்து அணைந்தன.

"பாத்தீங்களா," என்றாள் டீச்சர். "இப்ப மூச்சு வந்துடுச்சு."

சண்டைக்கு வந்தவள் நான். வாய்க்குள் என்னென்னவோ வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்தேன். கட்டிய புருஷனுக்கு மூச்சு நிற்கிறது என்பதை, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒரு பெண் வந்து எனக்குச் சொல்கிறாள். எண்ணி எழுதி வைத்திருக்கிறாள். நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருந்தேன். அந்த விளக்கு மறுபடி எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நான்கு நிமிஷத்தில் மூன்று தடவை எரிந்தது.

அவரை எழுப்பினேன். கண் திறந்தவர் என்னைப் பார்த்ததும் பேய் அறைந்தவர் போல உட்கார்ந்துவிட்டார். டீச்சர் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு, "நான் பஸ்ல போறேன் மாஸ்டர்" என்று நழுவிவிட்டாள். அவள் விட்டுப்போன சீட்டில் நான் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அந்தக் காரின் டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அட்டையை எடுத்து டாஷ்போர்டில் வைத்தேன்.

"இது என்ன?"

அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "உனக்குத் தெரியாததா."

"என்னன்னு தெரியும். யாருக்குன்னு தெரியல."

"பைத்தியமா நீ? யாருக்கா இருக்கும். உனக்குத்தான்."

"எனக்கா? பதினெட்டு மாத்திரை போட்டிருக்கீங்க. நான் ஒண்ணைக்கூட பாக்கலையே."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு மணி நேரம் முன்னாடி போடணும்னு டாக்டர் சொன்னாரு. சாப்பிட்டு முடிச்சதும் போடுவேன். நீ பாத்திரம் கழுவி, அடுப்ப தொடச்சு, துணி மடிச்சு வர்றதுக்குள்ள சோபாவுலயே தூங்கிடுவேன். முழிச்சுக்கிட்டே இருக்கணும்னு நெனச்சுத்தான் உக்காருவேன். எப்படி தூங்குறேன்னே தெரியாது. முழிச்சுப் பாத்தா விடிஞ்சிருக்கும். லைட்ட அணைச்சுட்டு நீ அந்த ரூமுக்குப் போயிருப்ப."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷன் எதற்குச் சாப்பிட்ட பிறகு குளிக்கிறார் என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். குளித்து, தலை வாரி, வெள்ளை பனியன் மாற்றிக்கொண்டு, சோபாவில் வாயைப் பிளந்து தூங்குவார். 'கும்பகர்ணன்' என்று முணுமுணுத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போவேன். பதினெட்டு நாள் எனக்காகத் தலை வாரிக்கொண்டு ஒருவர் காத்திருந்திருக்கிறார். நான் பதினெட்டு தடவை விளக்கை அணைத்திருக்கிறேன்.

"என்கிட்ட ஏன் கேக்கல? ஊருக்கே மருந்து சொல்றவ நான்."

"அதான் கேக்கல," என்றார். "கவுண்டர்ல நின்னு 'எத்தன நாளா இருக்கு'ன்னு எல்லாரையும் கேப்பியே, அதே குரல்ல என்னையும் கேட்டுடுவியோன்னு பயம்."

உண்மையில் அந்தக் கேள்விதான் என் நாக்கு நுனியில் நின்றது. சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, காரை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு பேரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்த மறுநிமிஷமே தூங்கிவிட்டார்.

நுரையீரல் டாக்டர் வெடுக்கென்று பேசும் ஒரு அம்மா. என்னைப் பார்த்துத்தான் முதல் கேள்வி கேட்டார்.

"தூங்கும்போது மூச்சு நிக்குதா?"

"தெரியாது டாக்டர். நான் வேற ரூம்ல."

சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. டீச்சரிடம் கேட்டு வாங்கிவந்த டைரித் தாளை நீட்டினேன். டாக்டர் எண்களைப் படித்தார். "நல்ல வேலை. யார் எழுதினது?"

"அவர்கிட்ட கார் ஓட்டப் படிக்கிற பொண்ணு."

டாக்டர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் பரிசோதனைக்கு எழுதினார். சிகிச்சை ஆரம்பித்துச் சரியாகும்வரை வண்டியில் உட்காரவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு ராத்திரி முழுக்க உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்தார்கள். இரண்டு நாளில் அறிக்கை வந்தது. மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு தடைப்படுகிறது. அதிகபட்சம் எழுபத்தொரு நொடி நின்றிருக்கிறது. நாற்பத்தொன்று சரி, அதை ஏழு மணி நேரத்தால் பெருக்கி, அப்புறம் மூன்று வருஷத்தால் பெருக்கலாம் என்று மனசு ஓடியது. பாதியில் விட்டுவிட்டேன்.

டாக்டர் எதிரில் அவர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் கேட்டேன். மாத்திரை அட்டையை மேஜையில் வைத்து, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த நுரையீரல் படத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார்.

"இருக்கு," என்றார் டாக்டர். "ஒவ்வொரு தடவ மூச்சு நிக்கும்போதும் ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது. ரத்தக் குழாய் கெடுது. பிரஷர் ஏறுது. தூக்கம் துண்டு துண்டா போனா ஆசையும் குறையும், தெம்பும் குறையும். சீட்டு எழுதின டாக்டர் குறட்டை இருக்கான்னு கேட்டாரா சார்?"

"இல்லங்க."

"நீங்க சொன்னீங்களா?"

"குறட்டைய போய் யாராவது சொல்வாங்களா டாக்டர்?"

"இனிமே சொல்லுங்க. மூக்குல மாஸ்க் மாட்டி, மெஷின் வழியா காத்த அழுத்தமா உள்ள அனுப்புவோம். மூச்சுக்குழாய் மூடாது. ஒழுங்கா போட்டவங்கள்ல நிறைய பேருக்கு இந்த விஷயத்துலயும் முன்னேற்றம் தெரியுது. எல்லாருக்கும் வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். வேற காரணமும் இருக்கலாம், அதையும் பாப்போம். முதல்ல மூச்சு."

வெளியே வராந்தாவில் அவர் அறிக்கையை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூச்சைப் பிடித்தேன். எழுபத்தொரு நொடி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் போலிருந்தது. இருபதில் காது அடைத்தது. முப்பதில் கண் பிதுங்கியது. நாற்பதில் முடியாமல் வாயைத் திறந்து இழுத்துவிட்டேன்.

"என்ன பண்ற?" என்றார்.

"ஒண்ணுமில்ல." அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் அழுவது புதிதல்ல என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மெஷின் வந்தது. முதல் வாரம் நரகம். யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறது என்று நாலு நாள் கழற்றி எறிந்தார். நானும் விடாமல் மாட்டிவிட்டேன். திட்டினேன், கெஞ்சினேன், கடையில் சொல்கிற அதே குரலில் மிரட்டினேன். என் தலையணை பழைய இடத்துக்குத் திரும்பியது. இப்போது எனக்கு வேறு பிரச்சினை. வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி தாங்காமல், ஆள் இருக்கிறாரா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். நெஞ்சு ஏறி இறங்கும். மெஷின் மெல்லிதாக ஊதிக்கொண்டிருக்கும்.

ஒரு மாதத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போனது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது நின்றது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாம் மாதம் டாக்டர் அனுமதி கொடுத்து மறுபடி வண்டியில் உட்கார்ந்தார். டீச்சர் மூன்றாவது டெஸ்ட்டில் தேறிவிட்டாள். கிளட்ச்சில் ஒரு கோளாறும் இல்லை என்று போன் செய்து சிரித்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கண் விழித்தால் அவர் எனக்கு முன்னாலேயே எழுந்து, மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கன்னத்திலும் பட்டையின் தடம்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல." ஒன்றுமில்லை என்கிற முகமா அது? முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாத்திரை போட்டீங்களா?" பதினாறு வருஷப் பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"இல்ல," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தோம். அப்புறம் நான் சிரித்துவிட்டேன், அவர் என் பக்கம் நகர்ந்து வந்தார். அதற்கு மேல் சொல்வதற்கு இல்லை. மூன்று வருஷம் கழித்து என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைத்தார், அவ்வளவுதான்.

அந்த மயக்கத்திலேயே தூங்கிப்போனார். மாஸ்க் இல்லாமல். எழுப்ப மனசு வரவில்லை. என் தோளில் தலை வைத்திருந்தார். மெல்லக் குறட்டை ஆரம்பித்தது. பழைய குறட்டை. அதைக் கேட்கக்கூட அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அது நின்றது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிறகு என் தோளில் படும் காற்று வரவில்லை என்று தெரிந்தது. நெஞ்சு மட்டும் துடித்தது. இத்தனை வருஷத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. தாளில் படித்திருக்கிறேன், விளக்காகப் பார்த்திருக்கிறேன். என் கைக்குள் நடக்கிறது இப்போது. எழுப்பு என்று மனசு கத்துகிறது, உடம்பு கல்லாகிவிட்டது. எண்ணினேன். பன்னிரண்டு, பதின்மூன்று. நானும் மூச்சு விடவில்லை என்பது இருபத்தைந்தில்தான் தெரிந்தது. முப்பத்திரண்டில் உதடு நீலமாவதுபோல் இருந்தது. அலறத்தான் வாயைத் திறந்தேன்.

பெரிய இழுப்பாக இழுத்தார். உடம்பே தூக்கிப்போட்டது. அவருடைய கால் என் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஒரு மிதி மிதித்தது. உயிரே போகிற வலி. கண்ணே திறக்காமல் மறுபடி குறட்டைக்குப் போய்விட்டார்.

எழுந்து மாஸ்க்கை எடுத்தேன். மூக்கில் வைத்துப் பட்டையை இழுத்து மாட்டி, மெஷினைப் போட்டேன். காற்று போக ஆரம்பித்தது. திரும்பப் படுத்து, வலித்த என் காலை அவர் பாதத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

எட்டு மணி வரை அந்தப் பாதம் அசையவே இல்லை.